நிமிர்ந்து ஓட்டுவதா, குனிந்து ஓட்டுவதா? கைவலி சீட்டில் தொடங்குகிறது

கேள்வி: வயது 46. சாதாரண சைக்கிளிலிருந்து ரோடு பைக்குக்கு (ஒல்லியான டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள வேகச் சைக்கிள்) மாறிச் சில மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி வரை போய் வருகிறேன். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் ஹேண்டில்பாரை உயர்த்தச் சொல்கிறார். உடன் ஓட்டும் நண்பர், போகப் போகப் பழகிவிடும் என்கிறார். சந்தைக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் போய்வர மனைவிக்கும் ஒரு சைக்கிள் வாங்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதுதானே உடம்புக்கு நல்லது?

பதில்:

நிமிர்ந்தால் சுகம், குனிந்தால் வலி என்ற பேச்சு பாதிதான் சரி. உடம்பு எந்த அளவு சாய வேண்டும் என்பது, நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அழுத்தி ஓட்டுபவருக்குக் குனிவது தானாக அமையும். ஆற அமர ஓட்டுபவருக்கு அதே குனிவு தண்டனை. உங்கள் வலி கையில் தெரிந்தாலும் பெரும்பாலும் சீட்டில்தான் தொடங்கியிருக்கும். கடைக்காரர் சொன்ன வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் சாயுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றியிருக்கும்வரை உடம்பு விழாது. அப்படியே இரண்டு பாதங்களையும் ஓர் அங்குலம் தூக்குங்கள். மேலுடம்பு முன்னால் சரியும். கை பிடிமானம் தேடும். சைக்கிளில் தரை இருக்கும் இடத்தில் பெடல் இருக்கிறது. ஒவ்வொரு மிதியும் மேலுடம்பைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கிறது. பந்தய வீரர் மணிக்கணக்கில் குனிந்திருந்தும் கைவலி இல்லாமல் இருப்பதற்கு அவர் விடாமல் கொடுக்கும் மிதிதான் முக்கியக் காரணம். அவருடைய சைக்கிளை அதே அளவுகளோடு வாங்கி 15 கி.மீ. வேகத்தில் உருட்டினால், மிதி கொடுக்காத தாங்கலை உள்ளங்கை கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஏன் குனிய வேண்டும்? காற்றுக்காகத்தான். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் முப்படியாக ஏறும்; வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். சமதளம், காற்றில்லாத நாள், நிமிர்ந்தவர் காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.55 சதுர மீட்டர், குனிந்தவருக்கு 0.35 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 15 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் நிமிர்ந்தவர் 23 வாட் செலவிடுகிறார், குனிந்தவர் 15. வித்தியாசம் 8 வாட், யாருக்கும் தெரியாது. 20 கி.மீ. வேகத்தில் அது 20 வாட் ஆகிறது. 30 கி.மீ. வேகத்தில் ஒருவர் 185 வாட் கொடுக்க, மற்றவருக்கு 117 போதும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டும் பலர் ஒரு மணி நேரம் சீராகக் கொடுக்கக்கூடியதே 120 முதல் 150 வாட்தான் என்பதால், அந்த வேகத்தில் நிமிர்ந்து ஓட்டுவது அவர்களுக்கு நடக்காத காரியம்.

எதிர்காற்று இந்தக் கணக்கை மாற்றிவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது ஈஸ்ட் கோஸ்டிலிருந்து சாங்கிக்குப் போகும் வழி முழுக்க முகத்தில் அடிக்கும். விமான நிலையத்தை ஒட்டிய கடலோரப் பாதையில் மறைப்பே கிடையாது. 15 கி.மீ. எதிர்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போனால் நிமிர்ந்தவருக்கு 168 வாட், குனிந்தவருக்கு 107. உங்கள் சனிக்கிழமை பாதைக்கு ரோடு பைக் தவறான தேர்வு இல்லை. அதை விற்க வேண்டாம்.

நிமிர்ந்த இருப்புக்கும் ஒரு விலை உண்டு. முதுகு செங்குத்தாக இருக்கும்போது மேலுடம்பின் எடை முழுவதும் சீட்டில் இறங்குகிறது. பூங்கா இணைப்புப் பாதையில் மரவேர் தூக்கிய இடம், வடிகால் மூடி, நடைபாதை விளிம்பு என ஒவ்வொரு அதிர்ச்சியும் முதுகெலும்பில் நேராக ஏறும். குனிந்தவருக்கு அந்த அதிர்ச்சியைக் கை, கால், இடுப்பு மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். சற்று வளைந்த முழங்கை ஸ்பிரிங் வேலை செய்யும். கீழ்முதுகில் வட்டுப் பிரச்சினை உள்ள சிலருக்கு நேராக நிமிர்வதைவிட, முதுகு தரையோடு 60 டிகிரி கோணத்தில் இருக்கும்படி லேசாகச் சாய்வது இதமாக இருப்பதும் இதனால்தான்.

பழைய ராலே ரோட்ஸ்டர் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் பால்காரர், தபால்காரர் எல்லாரும் நாள் முழுக்க ஓட்டியவை. அவற்றின் சுகத்துக்கு உயர்ந்த ஹேண்டில்பார் மட்டும் காரணம் இல்லை. சீட்டைத் தாங்கும் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். தரையோடு அதன் கோணம் இன்றைய ரோடு பைக்கில் 73 டிகிரி என்றால் அவற்றில் 67, 68 டிகிரி. அதனால் உட்காருபவர் பெடலுக்குப் பின்னால் நன்கு தள்ளி உட்காருவார். கீழே கனமான சுருள் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட்டும் 28×1½ அளவுள்ள தடித்த டயரும் இருந்தன. சாய்ந்த குழாய், ஸ்பிரிங் சீட், தடித்த டயர், பின்னோக்கி வளைந்த கைப்பிடி ஆகிய நான்கும் ஒன்றுக்காக ஒன்று அமைந்தவை. ரோடு பைக்கில் ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்துகிறவர்கள் நான்கில் ஒன்றைச் செய்துவிட்டு, கைவலி போய் பின்புற வலி வந்துவிட்டதே என்று திகைக்கிறார்கள். ஒல்லியான சீட், 25 மி.மீ. டயர், நேரான முதுகு மூன்றும் சேர்ந்தால் குனிந்து ஓட்டியதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் சைக்கிளுக்கு வருவோம். வரிசை முக்கியம்: முதலில் சீட் உயரம், பிறகு சீட்டின் சாய்வு, பிறகு முன்பின் இடம், அதற்குப் பிறகே ஹேண்டில்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் சீட் போஸ்ட்டில் (சீட் பொருந்தியிருக்கும் கம்பத்தில்) மின்கம்பி டேப் சுற்றி, பழைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு, வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கமாக அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சின்) மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் 68.9 செ.மீ. இது தொடக்கம்தான்; சரிபார்க்கக் குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் முழுக்க நேராக நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். பின்னால் வருபவர் பார்த்தால் இடுப்பு இடவலமாக ஆடுவது தெரியும். அப்படி ஆடும் இடுப்பு கைக்குக் கூடுதல் பாரத்தைத் தள்ளும்.

சாய்வைக் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியால் பாருங்கள். சமமாக இருக்கட்டும், தேவைப்பட்டால் முனை ஒன்று இரண்டு டிகிரி தாழலாம். இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கவட்டில் அழுத்துகிறது என்று சீட் முனையை நான்கு ஐந்து டிகிரி இறக்குவார்கள். உடம்பு முன்னால் வழுக்கும்; அதைத் தடுக்க ஓட்டுபவர் தன்னை அறியாமல் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரு மணி நேரம் தள்ளினால் விரல் மரக்காமல் என்ன செய்யும்?

முன்பின் இடத்துக்கு ஒரு சோதனை. ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில், வழக்கமான மிதியோடு போகும்போது, கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிடாமல், தொட்டும் தொடாத அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். மூன்று நான்கு விநாடிகள் உடம்பு அதே சாய்வில் நின்றால் சமநிலை சரி. முன்னால் விழப் பார்த்தால் சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் அளவுக்கோடுகள் இருக்கும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம். பின்னால் தள்ளினால் பெடலுக்கான தூரமும் சற்றுக் கூடும் என்பதால், ஒரு செ.மீ.க்கு 3 மி.மீ. அளவில் சீட்டை இறக்குங்கள். சீட்டைப் பின்னால் தள்ளினால் ஹேண்டில்பார் இன்னும் தூரமாகிவிடுமே என்று தோன்றும். உண்மைதான், ஆனாலும் கைப்பாரம் குறையும். ஏனெனில் மேலுடம்பின் எடை பாதங்களுக்குப் பின்னால் போகிறது. மீதி நீட்டத்தை, அதாவது கை எட்ட வேண்டிய தூரத்தை, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மில் சரிசெய்துகொள்ளலாம்.

சீட்டின் அகலமும் உங்கள் சாய்வைப் பொறுத்தது. உட்காரும்போது பாரம் தாங்குபவை இரண்டு எலும்பு முனைகள். நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைக் கடினமான படிக்கட்டில் போட்டு, அதன்மேல் கால் சற்று உயர்ந்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் பெரும்பாலும் 100 முதல் 140 மி.மீ.க்குள் வரும். குனிந்து ஓட்டினால் அதோடு 20 மி.மீ. வரை சேர்த்த அகலம் போதும். நிமிர்ந்தால் 40 மி.மீ. அல்லது அதற்கு மேலும் வேண்டும். இடுப்பெலும்பு முன்னால் சாயும்போது அதன் குறுகலான பகுதி சீட்டில் படுவதே காரணம். குனிபவருக்கு அகலச் சீட் தொடையை உராயும். இங்குள்ள புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். மெத்தென்ற ஜெல் உறையை வாங்காதீர்கள். எலும்பு அதில் அமிழ்ந்துவிட, நடுவில் பிதுங்கும் ஜெல் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்பகுதியை அழுத்தும். கவட்டில் மரத்துப்போவதற்கு அது ஒரு காரணம்.

விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவில் ஓடும் வேறொரு நரம்பு. உங்களுக்கு முதலாவது. பிரேக் லீவரின் ரப்பர் மேடுகளைப் பாருங்கள்: அவை முன்னோக்கிச் சரிந்திருந்தால் மணிக்கட்டு மடங்கி, எடை அந்த ஓரத்தில்தான் விழும். ஹேண்டில்பாரின் மேற்பகுதியும் ரப்பர் மேடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், கைகுலுக்க நீட்டும்போது இருப்பதுபோல் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். ஸ்டெம்மின் முன்பக்க நான்கு ஆணிகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சில டிகிரி மேல்நோக்கிச் சுழற்றினாலே பலருக்கு இது தீர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

கழுத்துவலிக்கு மேலே பார்க்க வேண்டிய கட்டாயமே காரணம். முதுகு 45 டிகிரி சாய்ந்தால், 30 மீட்டர் தள்ளிப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டும். முதுகைக் கூன்போட்டு வளைத்தால் இன்னும் அதிகமாக மடக்க வேண்டும். அதனால் குனிவது இடுப்பிலிருந்து வரட்டும். தொப்புளைச் சீட் முனை நோக்கிக் கொண்டுபோவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்கு முன்விளிம்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். மூக்கில் சரியும் கண்ணாடி, நெற்றியில் இறங்கிய ஹெல்மெட் இரண்டும் கழுத்தை மேலும் தூக்க வைக்கும். முழங்கை பூட்டிக்கொண்டு நேராக இருந்தால் நீட்டம் கூடுதல் என்று பொருள்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரம் ஓட்டியும் வலி நீடித்தால் அப்போது ஹேண்டில்பார். பொழுதுபோக்காக ஓட்டும் 46 வயதுக்காரருக்கு அது சீட்டின் மட்டத்திலோ 3 செ.மீ. கீழேயோ இருந்தால் போதும். 8, 10 செ.மீ. கீழே என்பது பந்தயக்காரர்களுக்கு. ஸ்டெம்முக்கு மேல் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றலாம். பக்கவாட்டு ஆணிகள் இரண்டையும் தளர்த்தி, மேல்மூடி ஆணியைக் கழற்றி, ஸ்டெம்மை உருவி, வளையத்தை அடியில் போட்டு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) குழாய், ஸ்டெம்மும் வளையங்களும் சேர்ந்த அடுக்கின் மேல் விளிம்புக்கு 3 முதல் 5 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். முதலில் மேல்மூடியை, முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்ற ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்குங்கள். பிறகு சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வைத்து, பக்கவாட்டு ஆணிகளை அதில் பொறித்துள்ள அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, முறுக்குங்கள். வரிசை மாறினால் மேல்மூடி எவ்வளவு முறுக்கியும் ஆட்டம் போகாது. கார்பன் குழாய் என்றால் ஸ்டெம்முக்கு அடியில் எவ்வளவு வளையம் போடலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். அதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வளையம் இல்லாவிட்டால் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பலாம். 90 மி.மீ. நீளமும் 6 டிகிரி சாய்வும் உள்ள ஸ்டெம்மைத் திருப்பினால் கை சுமார் 18 மி.மீ. உயரும், 5 மி.மீ. கிட்டே வரும். செலவே இல்லை. எதைச் செய்தாலும், முடிந்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் கம்பி விறைக்கிறதா என்று பாருங்கள். கம்பிகள் ஃபிரேமுக்குள் ஓடும் வண்டியாக இருந்தால் இந்த வேலையைக் கடையில் கொடுங்கள்.

ரோடு பைக்குக்கே நேரான ஹேண்டில்பார் மாட்டிவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். வளைந்த பாருக்கான லீவர் அதில் ஏறாது, கம்பி இழுக்கும் அளவும் மாறும். பிரேக், கியர் லீவர் எல்லாம் புதிதாக வேண்டும்.

டயரில் கை வைப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. ஃபிரேமில் இடமிருந்தால் 25 மி.மீ. டயரை 28 அல்லது 32 ஆக்குங்கள். 75 கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ போதும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்சம்; அதுவரை அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

உங்கள் நண்பர் சொன்னதில் உள்ள உண்மை இவ்வளவுதான்: கழுத்து, தோள், வயிற்றுத் தசைகள் சில வாரங்களில் பழகும். நரம்பு பழகாது. இறங்கிய சில நிமிடங்களில் மரப்பு போய்விட்டால் அமைப்பை மாற்றிச் சரிசெய்யலாம். மறுநாளும் விரல் மந்தமாக இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடும்போது பிடி நழுவினாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மனைவியின் சைக்கிளுக்கு நிமிர்ந்த இருப்புதான் சரி. நடைபாதையில் வேக வரம்பு 10 கி.மீ., சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. சந்தைக்குப் போய்வரும் மெதுவான வேகத்தில் காற்று பொருட்டே இல்லை. குடியிருப்பு புளோக்குகளுக்கு நடுவே முதியவர், குழந்தை வண்டி, கைப்பேசி பார்த்து நடப்பவர் என எல்லாரையும் கவனிக்க உயர்ந்த தலையும் எளிதாகத் திரும்பும் கழுத்தும் வேண்டும். மெதுவாக மிதித்தால் வியர்வையும் குறைவு. முதுகுப்பை மட்டும் வேண்டாம்: முதுகு நனைந்துவிடும், அதன் எடை சீட்டில் ஏறும். முன்னால் கூடையோ பின்னால் கேரியரில் பக்கப்பையோ போதும்.

சேலை, பாவாடை உடுத்துபவர் என்றால் நடுக்குழாய் தாழ்ந்த ஃபிரேமும், செயினை முழுக்க மூடும் உறையும் பாருங்கள். டச்சு பாணி வண்டிகள் சுகமானவை, ஆனால் 20 கிலோ எடையும் 1.8 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டவை. பழைய புளோக்கின் மின்தூக்கியில் நுழையுமா என்று முதலில் அளந்துவிடுங்கள். நிறுத்தும்போது இரண்டு பாதமும் தரையில் படவேண்டும் என்று சீட்டை இறக்கி ஓட்டுவது பரவலான பழக்கம். முழங்கால் வலிக்கு அது ஒரு முக்கியக் காரணம். பயமாக இருந்தால் கிராங்க் அச்சு சீட்டுக்கு வெகு முன்னால் அமைந்த ஃபிரேம் வாங்குங்கள். அதில் பாதமும் தரையில் படும், மிதிக்கும்போது காலும் நீளும்.

எம்ஆர்டிக்குள் ஏற்ற வேண்டுமென்றால் மடிக்கும் சைக்கிள்தான்; மடித்தபின் 120×70×40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதில் கைப்பிடித் தண்டு மேலே ஏறும், ஆனால் கிட்டே வராது. சீட்டை 10 செ.மீ. உயர்த்தினால் சாய்ந்த குழாயால் அது 3 செ.மீ. பின்னாலும் போகும். உயரமானவருக்கு நீட்டம் கூடிவிடுவதும், குள்ளமானவருக்கு முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்குவதும் இதனால்தான். இருவர் மாறி மாறி ஓட்ட ஒரே மடிப்பு சைக்கிள் போதும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒத்துவராது.

வாங்கும் முன் கடைவாசலில் ஒரு சுற்று போதாது. கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும் வேகத்தில் ஒரு கையை நீட்டிச் சைகை காட்டியபடி, தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கட்டும். வண்டி தடுமாறினால் ஹேண்டில்பார் அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அல்லது முழங்காலுக்கு மிகக் கிட்டே இருக்கிறது. எது என்று பார்த்து மாற்றித்தரச் சொல்லுங்கள். மாற்ற வழியில்லாத வண்டி என்றால் அடுத்ததைப் பாருங்கள்.